நாற்றம்: துணையிழந்த ஒரு சொல்லின் வரலாறு

மார்கழி மாதத்தின் பத்தாம் நாள் விடியலில் ஓதப்படும் திருப்பாவைப் பாசுரத்தில் திருமாலின் முடியிலுள்ள துழாய்க்கு 'நாற்றம்' அடையாக வருகிறது. ஓதுவோர் எவரும் அங்கே முகம் சுளிப்பதில்லை. அதே மனிதர் கோயிலை விட்டு வெளியே வந்து, தெருமுனைக் குப்பைத் தொட்டியைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்லும் சொல்லும் 'நாற்றம்'தான். ஒரே நாவில், ஒரே காலையில், ஒரே சொல் இரண்டு எதிர்ப்பொருள்களில் வழங்குகிறது. முன்னது ஏட்டில் உறைந்த பழம்பொருள். பின்னது வழக்கில் வாழும் பொருள்.

இம்மாற்றத்தை மொழிநூல் பாடங்கள் 'இழிபொருட்பேறு' என்ற தலைப்பின்கீழ் அடக்கிவிடுகின்றன. உயர்ந்த பொருளைக் குறித்த சொல் காலப்போக்கில் தாழ்ந்த பொருளைக் குறிப்பது இழிபொருட்பேறு, எடுத்துக்காட்டு, நாற்றம். தேர்வுக்கு இவ்விடை போதும். ஆனால் இது மாற்றத்துக்கு ஒரு பெயரை இடுகிறதே தவிர, மாற்றம் ஏன் நேர்ந்தது என்பதைச் சொல்வதில்லை. அதே வேரில் பிறந்த 'நறு' என்னும் அடைச்சொல் ஏன் இன்றளவும் தாழவில்லை? நறுமணம், நறுநெய், நறுமலர் என்று அது அன்றைய பொலிவோடு நிற்க, நாற்றம் மட்டும் சாக்கடைக்குப் போனது எப்படி? இவ்வினாவைப் பின்தொடர்ந்தால் சொற்பொருள் மாற்றத்தின் பொறிமுறை ஒன்று புலப்படுகிறது. அது மனிதர் மனிதரைப் பற்றிப் பேசும் முறையையும் தொடுகிறது.

முதலில் சொல்லின் வடிவம். 'நாற்றம்' என்பது 'நாறு' என்னும் வினையடியிலிருந்து அமைந்த தொழிற்பெயர். ஓடு – ஓட்டம், ஆடு – ஆட்டம், மாறு – மாற்றம், ஏறு – ஏற்றம் என்பவற்றில் ஈற்றயல் மெய் இரட்டித்து 'அம்' சேர்வது போலவே நாறு – நாற்றம் அமைகிறது. பேச்சுவழக்கில் அது 'நாத்தம்' ஆகிறது. 'நாறு' என்பதன் குறில் வடிவம் 'நறு'. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதி (முதற்பதிப்பு 1961, திருந்திய பதிப்பு 1984) நறு, நாறு ஆகியவற்றை ஓரினமாகவே காட்டுகிறது.

இங்கே ஒரு தவறான உறவை விலக்கிவிட வேண்டும். வயலில் நடப்படும் 'நாற்று' என்பதையும் நாற்றத்தையும் ஒரே வேரில் இணைத்து, முளைத்து வெளிப்படுவது நாற்று, மலரிலிருந்து வெளிப்படுவது நாற்றம் என்று விளக்குவோர் உண்டு. கேட்பதற்கு இனிமையான விளக்கம். தமிழ் வடிவங்களை மட்டும் பார்த்தால் பொருத்தமாகவும் தோன்றும். மலையாளம் இதற்கு இடம் தரவில்லை. அங்கே நெல் நாற்று 'ஞாறு'. கெட்ட வாடை வீசுதல் 'நாறுக'. பழந்தமிழில் ஞகர முதலாய் இருந்த சொற்கள் பல பிற்காலத் தமிழில் நகர முதலாய் மாறின. ஞண்டு நண்டானது இதற்குச் சான்று. மலையாளம் அந்த ஞகரத்தைப் பல சொற்களில் காத்து வைத்திருக்கிறது. எனவே நாற்றுக்கு உரிய வேர் ஞகர முதலியது, நாற்றத்துக்கு உரிய வேர் நகர முதலியது என்று கொள்வதே பொருந்தும். தமிழில் ஒலி மாறியதால் இரண்டும் ஒரே உருவம் பெற்றன, உறவு பெறவில்லை.

இனிப் பொருள். 'நறு' என்னும் அடைச்சொல் எப்போதும் நன்மணத்தையே குறிக்கிறது. அதன் வினைவடிவமாகிய 'நாறு'வும் தொடக்கத்தில் நன்மணத்தின் பக்கம் சாய்ந்திருந்தது என்று கருதுவதற்குக் காரணம் உண்டு. திருக்குறளில் சொல்வன்மை அதிகாரத்தின் இறுதிக் குறள் (650), கற்றதைப் பிறர் உணர எடுத்துரைக்க இயலாதவரை, கொத்தாகப் பூத்தும் மணம் தராத மலருக்கு ஒப்பிடுகிறது. அங்கே வரும் சொல் 'நாறா'. நாறாமை அங்கு ஒரு குறை. இன்றைய வழக்கின்படி படித்தால் அது ஒரு பாராட்டாகிவிடும். காமத்துப்பாலில் தலைவியின் இயல்பான உடல்மணத்துக்கு 'வெறிநாற்றம்' (1113) என்ற சொல் ஆளப்படுகிறது. அரும்புக்குள் அடங்கிக் கிடக்கும் மணம்போல் அவள் புன்னகைக்குள் ஒரு குறிப்பு அடங்கிக் கிடக்கிறது என்னும் குறளிலும் (1274) மணத்துக்கு 'நாற்றம்' என்பதே சொல். ஐம்புலன்களை எண்ணும் குறளிலோ (27) நாற்றம் நல்லதும் அன்று, தீயதும் அன்று. மூக்குக்கு உரிய புலன், அவ்வளவே. பக்திக் காலத்தில் ஆண்டாள் நாச்சியார் திருமொழியின் ஏழாம் பதிகத்தில் வெண்சங்கை விளித்து, கண்ணனின் வாய் கருப்பூரத்தின் மணம் உடையதா, தாமரையின் மணம் உடையதா என்று வினவும்போதும் அவர் ஆளும் வினை 'நாறு'தான்.

ஆயினும் பழந்தமிழிலேயே அவ்வினை மீன்வாடையையும் குறித்தது. நற்றிணையின் 45ஆம் பாடல் நெய்தல் திணையைச் சார்ந்தது. பாடியவர் பெயர் தெரியவில்லை. தேரில் வந்த செல்வனிடம் தோழி பேசுகிறாள். இவள் கடற்கரைச் சிற்றூரின் மீனவர் மகள்; நீயோ பெருநகரத்துச் செல்வன் மகன். சுறா மீனைத் துண்டாக்கி உலர்த்திப் பறவைகளை ஓட்டிக் கொண்டிருக்கும் எங்களுக்கு அழகு எதற்கு? எங்கள் உடலில் மீன்வாடை இருக்கிறது, விலகி நில். இப்பேச்சில் அவள் ஆளும் வினைமுற்று 'நாறுதும்'. தன்மைப் பன்மை, 'நாங்கள் நாறுகிறோம்' என்பது பொருள். ஆனால் அச்சொல் அங்கே தனித்து வரவில்லை. எதனால் நாறுகிறோம் என்பதைச் சொல்லும் 'புலவு' அதற்கு முன்னே நிற்கிறது.

சொல்லின் வரலாற்றுக்கு இந்த முன்னிற்கும் பெயர்தான் திறவுகோல். பழந்தமிழில் 'நாறு' என்பது மணம் வெளிப்படும் செயலை மட்டும் சொன்னது. அம்மணம் இனியதா, இன்னாததா என்பதை அதன் பக்கத்தில் நின்ற பொருள் சொன்னது. மலர் நின்றால் இனிமை, மீன் நின்றால் புலவு. வேர் நன்மையின் பக்கம் சாய்ந்திருந்தது என்றால், வினை மீனுக்கும் உரியதானபோதே முதல் மாற்றம் நிகழ்ந்துவிட்டது. அந்த மாற்றம் வீழ்ச்சியன்று, விரிவு. நன்மணத்துக்கு மட்டும் உரியதாக இருந்த சொல் எல்லா மணத்துக்கும் உரியதானது. இரண்டாவது மாற்றம் பின்னர் நேர்ந்தது. எல்லா மணத்துக்கும் உரிய சொல் தீமணத்துக்கு மட்டும் உரியதாகச் சுருங்கியது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே தாவலில் போகவில்லை. நடுவில் ஒரு பொதுநிலையைக் கடந்தே போனது. இழிபொருட்பேறு என்னும் ஒற்றைச் சொல் இந்த இடைநிலையை மறைத்துவிடுகிறது.

அண்டை மொழிகளைப் பார்த்தால் இச்சுருக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று என்பது தெரியும். மலையாளத்தில் நாற்றம் என்பது துர்நாற்றமே. 'நறுமணம்' அங்கேயும் நறுமணம். கன்னடத்தில் 'நாத' என்பது கெட்ட வாடை. இசையைக் குறிக்கும் வடசொல்லாகிய நாதம் வேறு, இது வேறு. ஆனால் கன்னடத்திலும் 'நறு' வீழவில்லை. 'நறுகம்பு' (வழக்கில் நருகம்பு) என்றால் இனிய மணம். மூன்று மொழிகளிலும் அடைச்சொல் தன் நிலையைக் காத்துக்கொள்ள, பெயர்ச்சொல் தாழ்ந்திருக்கிறது. இந்த ஒழுங்கு தற்செயல் ஆகாது.

கன்னட நறுகம்பின் பின்பகுதியான 'கம்பு' மற்றொரு சான்றைத் தருகிறது. கன்னடத்தில் கம்பு என்றால் நறுமணம். கவிதையிலும் வாழ்த்துரையிலும் பெருமிதத்தோடு வழங்கும் சொல். எல்லையைக் கடந்து ஆந்திரத்துக்குள் நுழைந்தால் அதே 'கம்பு' சகிக்க முடியாத வாடையைக் குறிக்கிறது. தமிழின் 'கமழ்' இவற்றுக்கு உறவுச் சொல். அது இன்றும் பூவுக்கும் புகழுக்கும் மட்டுமே ஆளப்படுகிறது. ஒரே குடும்பத்துச் சொல் கன்னடத்திலும் தமிழிலும் உயர்ந்து நிற்க, தெலுங்கில் தாழ்ந்திருக்கிறது. தெலுங்கிலும் அக்குடும்பத்தின் அடைச்சொல்லாகிய 'கம்ம' தாழவில்லை; 'கம்மனி' என்றால் மணமும் சுவையும் உடையது என்று பொருள். இங்கேயும் அடைச்சொல் பிழைத்தது, தனித்து நிற்கும் பெயர் வீழ்ந்தது.

இந்த ஒழுங்குக்கு விளக்கம் இலக்கணத்திலேயே இருக்கிறது. 'நறு' தனித்து வாழ இயலாத சொல். அதற்கு எப்போதும் ஒரு பெயர் துணையாக வேண்டும். நெய், மலர், புகை, மணம் என்று ஏதேனும் ஒன்று பின்னே வந்தே தீரும். துணை விலகாததால் பொருளும் விலகவில்லை. 'நாற்றம்' முழுப்பெயர்; தனியே நிற்க வல்லது. 'பூவின் நாற்றம்', 'புலால் நாற்றம்' என்று துணையோடு வழங்கியவரை அது பொதுச்சொல்லாக இருந்தது. துணையின்றி, 'இங்கே நாற்றம்' என்று மட்டும் ஒருவர் சொல்லத் தொடங்கும்போது, கேட்பவர் அந்த வெற்றிடத்தைத் தாமே நிரப்ப வேண்டும். மக்கள் எப்போது மணத்தைப் பற்றி, அதன் மூலத்தைச் சொல்லாமல் பேசுகிறார்கள்? நல்ல மணமாயின் மல்லிகையா, நெய்யா, சாம்பிராணியா என்று மூலத்தைச் சொல்லி மகிழ்வர். கெட்ட வாடையாயின் மூலம் பல வேளைகளில் தெரிவதில்லை. தெரிந்தாலும் சொல்லக் கூசுவர். ஆகவே துணையற்ற பொதுச்சொல் தீமணத்தையே அதிகம் குறிக்க நேர்கிறது. அப்பழக்கம் நிலைத்தபின் அதுவே சொல்லின் பொருளாகிவிடுகிறது.

இவ்விளக்கத்தை வடமொழி எதிர்த்திசையிலிருந்து உறுதிப்படுத்துகிறது. சம்ஸ்கிருதத்தில் 'கந்தம்' பெரும்பாலும் பொதுச்சொல்லாகவே நின்றது. பாணினியின் நூற்பா ஒன்று (5.4.135) நன்மணச் சொற்களையும் தீமணச் சொல்லான 'பூதி' என்பதையும் ஒரே வரிசையில் வைத்து, அவற்றின்பின் 'கந்தம்' தொகையில் எவ்வாறு 'கந்தி' என்று ஈறு மாறும் என்பதை விதிக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் இயற்றிய தர்க்க சங்கிரகம், மூக்கால் அறியப்படும் குணமே கந்தம் என்றும், அது நன்மணம், அல்மணம் என இருவகை என்றும், நிலம் என்னும் பூதத்துக்கு மட்டுமே உரியது என்றும் வகுக்கிறது. தத்துவ நூலுக்கு மணம் ஓர் அறிபொருள். விருப்பு வெறுப்பு அதன்பின் வருவது. 'சு', 'துர்' என்னும் முன்னொட்டுகள் இச்சொல்லைக் காவல் செய்தன. நன்மை, தீமை ஆகிய பொருள்களை அவை சுமந்ததால் கந்தம் என்னும் சொல் எதையும் சுமக்க வேண்டியிருக்கவில்லை.

தமிழின் 'துர்நாற்றம்' இங்கேதான் ஒரு தடயமாகிறது. வடமொழி முன்னொட்டும் தமிழ்ப் பெயரும் கலந்த இச்சொல், துர்க்கந்தம் என்பதன் வார்ப்பில் அமைந்தது. கந்தம் இருந்த இடத்தில் நாற்றத்தை வைத்திருக்கிறார்கள். நாற்றம் அப்போதே தீமணத்தை மட்டும் குறித்திருந்தால் 'துர்' என்னும் ஒட்டு அதற்குத் தேவைப்பட்டிருக்காது. நாற்றம் பொதுச்சொல்லாக நின்ற நிலையை அச்சொல் தனக்குள் பதிந்து வைத்திருக்கிறது. நாளிதழ்களில் 'கழிவுநீர் தேங்கித் துர்நாற்றம் வீசுகிறது' என்ற வாசகத்தைப் படிக்கும்போது, நன்னாற்றமும் உண்டு என்று கருதிய ஒரு மொழிநிலையின் எச்சத்தையே படிக்கிறோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி (1924–1936) நாற்றத்துக்கு மணம் என்ற பொருளையும் தீமணம் என்ற பொருளையும் சேர்த்தே தருகிறது. அகராதி இரண்டையும் காத்தது. வழக்கு ஒன்றை மட்டும் காத்தது.

நன்மையின் பக்கம் காலியான இடத்தைப் பிற சொற்கள் நிரப்பின. மணம், வாசனை, வாசம் ஆகியன அவ்விடத்துக்கு வந்தன. வாசனை வடமொழியில் ஒன்றில் மணம் ஏற்றுதலையும், அனுபவம் மனத்தில் விட்டுச்செல்லும் பதிவையும் குறிக்கும். 'முற்பிறவி வாசனை' என்றும் 'படிப்பு வாசனையே இல்லாதவர்' என்றும் தமிழில் வழங்கும்போது அந்த இரண்டாம் பொருள் தொடர்கிறது. சுவையான செய்தி என்னவெனில், இச்சொற்களுக்கு இனமான 'வாச' என்பதிலிருந்து வந்த இந்தியின் 'பாஸ்', பேச்சில் கெட்ட வாடையையே பெரிதும் குறிக்கிறது. தமிழில் உயர்ந்த சொல்லின் உறவு வடக்கே தாழ்ந்துவிட்டது. எந்தச் சொல் தாழும், எது தாழாது என்பது பிறப்பால் முடிவாவதில்லை. அந்தந்த மொழியில் அதற்கு வாய்க்கும் அயல்சொற்களும் துணைச்சொற்களும் அதை முடிவுசெய்கின்றன.

பாரசீகத்திலிருந்து வட இந்திய மொழிகளுக்கு வந்த 'பூ' இதற்கு மிகத் தெளிவான சான்று. தமிழ்ப் பூவோடு இதற்குத் தொடர்பில்லை. மெல்லோசைப் பகரத்தோடு ஒலிப்பது. பாரசீகத்தில் அது பொதுவாக மணத்தைக் குறிக்கும். 'குஷ்பூ' என்றால் நன்மணம், 'பத்பூ' என்றால் தீமணம். உருதுக் கவிதையில் 'ரங்-ஓ-பூ' என்றால் நிறமும் நறுமணமும். ஆனால் இன்றைய தில்லித் தெருவில் ஒருவர் 'பூ வருகிறது' என்று மட்டும் சொன்னால் அது கெட்ட வாடைதான். கவிதையில் நறுமணம், தெருவில் துர்நாற்றம் என்னும் பிளவு ஆண்டாளின் நாற்றத்துக்கும் இன்றைய நாற்றத்துக்கும் இடையே உள்ள பிளவை அப்படியே ஒத்திருக்கிறது. ஆங்கிலத்தின் 'ஸ்டிங்க்' என்னும் வினையும் அம்மொழியின் பழைய நிலையில் எந்த மணத்துக்கும் உரியதாகவே இருந்தது. இன்று அதற்கு ஒரே பொருள்தான்.

பாரசீகப் 'பூ'வின் வேர் மற்றொன்றையும் நினைவூட்டுகிறது. பழைய ஈரானிய மொழிகளில் அந்த வேர் உணர்தலையும் முகர்தலையும் சேர்த்துக் குறித்தது. சம்ஸ்கிருதத்தின் 'புத்' என்னும் வேரும் அதுவும் ஓரினம். புத்தர், போதம், புத்தி ஆகியவை பிறந்த வேர் அது. ஒரு மொழிக்குடும்பத்தில் அறிவுக்கும் மணத்துக்கும் ஒரே சொல்லடி இருந்திருக்கிறது. தமிழ் இலக்கண மரபும் இதை அறியாததன்று. தொல்காப்பியக் களவியலில், தலைவியின் மறைவான காதலைத் தோழி உய்த்துணர உதவும் குறிப்புகளின் பட்டியலில் முதலில் நிற்பது 'நாற்றம்'. தோற்றமும் ஒழுக்கமும் உணவும் அதற்குப் பின்னரே வருகின்றன. தோழி முதலில் முகர்ந்தே அறிகிறாள். அங்கே நாற்றம் இன்பமும் இல்லை, அருவருப்பும் இல்லை, அது செய்தி. எங்கிருந்து வந்தது, எதைத் தொட்டது, யாரோடு இருந்தது என்பதைச் சொல்லும் சான்று.

சொல் தீமணத்துக்கு மட்டும் உரியதானபோது மொழி இழந்தது இந்தச் சான்றுத்தன்மையை. தமிழில் இன்னாத மணங்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. பச்சை மீனுக்கும் இறைச்சிக்கும் கவுச்சி, ஊனுக்குப் புலால், அழுகிய ஊனுக்கு முடை, கெட்டுப்போன சோற்றுக்கு ஊசல், பழைய எண்ணெய்க்குக் காறல், ஈரத்தில் கிடந்த துணிக்கும் தானியத்துக்கும் மக்கல். இவை ஒவ்வொன்றும் மூலத்தைச் சொல்கின்றன. சோறு ஊசிவிட்டது என்றால் என்ன நேர்ந்தது, இனி என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். நாற்றம் என்று மட்டும் சொன்னால் விலக வேண்டும் என்பது மட்டுமே தெரியும். துல்லியமான பெயர்கள் சமையலறையிலும் சந்தையிலும் இன்னும் வாழ்கின்றன. ஏட்டுத் தமிழிலும் நகரத்துப் பேச்சிலும் அவற்றின் இடத்தைப் பொதுப்பெயர் பிடித்துக்கொண்டு வருகிறது. பொதுப்பெயர் பெருகப் பெருக, மூலம் மறைகிறது.

மூலம் மறைவதன் விளைவு மனிதரைப் பற்றிய பேச்சில்தான் கடுமையாகத் தெரிகிறது. நற்றிணைத் தோழியின் கூற்றை மீண்டும் கருத வேண்டும். அவள் புலவு என்று மூலத்தைச் சொன்னாள்; சுறாவை அறுத்து உலர்த்தும் தொழிலைச் சொன்னாள்; நாறுகிறோம் என்பதைத் தன் வாயால், தன்மையில் சொன்னாள். அப்பாடல் தாழ்வுணர்ச்சியோடு முடிவதும் இல்லை. எம்மவரிடையேயும் உயர்ந்தோர் உண்டு என்ற செம்மாப்போடு முடிகிறது. மீன்வாடை அவளுக்குத் தொழிலின் தடம். உயர்குடிச் செல்வனை அப்பால் நிறுத்துவதற்கு அவள் அதையே ஒரு வேலியாகவும் ஆக்கிக்கொள்கிறாள்.

மகாபாரதத்தின் ஆதிபருவத்தில் வரும் மீனவப் பெண்ணின் கதை இதற்கு நேர்மாறாகச் செல்கிறது. மச்சகந்தி என்று பெயர் பெற்றவள் பராசர முனிவரின் வரத்தால் மீன்வாடை நீங்கி யோசனகந்தியாகிறாள். ஒரு யோசனை தூரம் அவள் மணம் பரவுகிறது. பின்னர் சந்தனு மன்னன் அந்த மணத்தைத் தொடர்ந்து வந்தே அவளைக் காண்கிறான். அவள் அரசியாவதற்கு முன்னர் அவள் உடலிலிருந்து தொழிலின் தடம் அகற்றப்பட வேண்டியிருந்தது. நற்றிணைப் பெண் வாடையோடே நிமிர்ந்து நிற்கிறாள்; காவியப் பெண் வாடையை இழந்து உயர்கிறாள். இரண்டு இலக்கியங்களும் மணத்தைச் சமூக நிலையின் அடையாளமாகவே அறிந்திருந்தன. அந்த அடையாளத்தை யார், எந்த இலக்கண இடத்திலிருந்து பேசுகிறார் என்பதில்தான் வேறுபாடு.

இன்றைய வழக்கில் 'நாறுதும்' என்னும் தன்மை வினை இல்லை. 'நாறுகிறான்', 'நாறுகிறார்கள்' என்னும் படர்க்கையே வழக்கு. முன்னிற்க வேண்டிய பெயரும் இல்லை. எதனால் என்ற விளக்கம் விடைபெற்றுக்கொள்ள, வினையின் எழுவாயாக மனிதரே எஞ்சுகிறார். மீன் விற்பவர், தோல் பதனிடுபவர், சாக்கடை அள்ளுபவர் ஆகியோரின் உடலில் படிவது அவர்கள் கையாளும் பொருளின் மணம். அந்தப் பொருளும் பெரும்பாலும் பிறருடைய உணவு, பிறருடைய செருப்பு, பிறருடைய கழிவு. பெயரை நீக்கிவிட்டு வினையை மட்டும் சொல்லும்போது, பொருளின் குணம் ஆளின் குணமாகிவிடுகிறது. சாதி இழிவுரை இந்த இலக்கண விடுபாட்டின் மீதே நடக்கிறது. மனிதக் கழிவை மனிதர் அகற்றும் பணிக்கு ஆட்களை அமர்த்துவதைத் தடைசெய்யும் சட்டம் 1993இலும், அதனினும் விரிவான சட்டம் 2013இலும் இயற்றப்பட்டன. சட்டம் தொழிலுக்குப் பெயரிட்டு அதைக் குற்றமாக்கியது. அன்றாடப் பேச்சோ தொழிலின் பெயரைச் சொல்லாமல் தொழிலாளியின் மீது சொல்லை எறிகிறது.

'அவன் பெயர் நாறிவிட்டது' என்னும் வழக்கும் இதே வரலாற்றின் எச்சம். புகழும் பழியும் காற்றில் மணம்போல் பரவுவன என்பது இந்திய மரபில் பழைய உவமை. பெயர் பரவுதலை 'மணத்தல்' என்றால் புகழ். 'நாறுதல்' என்றால் பழி. பரவும் செயல் ஒன்றே. அதைக் குறிக்கத் தேர்ந்தெடுக்கும் சொல்லே தீர்ப்பாகிவிடுகிறது. ஒரு காலத்தில் இரண்டையும் ஒரே வினை சொல்லியிருக்க முடியும். தீர்ப்பை அதற்கு முன் வரும் பெயரிடம் விட்டிருக்க முடியும்.

வகுப்பறையில் குறள் 1274ஐயோ ஆண்டாளின் பதிகத்தையோ கற்பிக்கும்போது, 'அக்காலத்தில் இதற்கு நல்ல பொருள்' என்று ஓர் அடிக்குறிப்போடு கடந்துவிடுவது வழக்கம். அக்குறிப்பு பிழையன்று; குறையுடையது. அக்காலத்தில் அச்சொல் மலருக்கும் மீனுக்கும் ஒருங்கே உரியதாக இருந்தது என்பதையும், மணத்தின் தன்மையைச் சொல்லும் பொறுப்பு மணக்கும் பொருளிடமே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால் மாணவர்க்கு விளங்குவது ஒரு சொல்லின் பழம்பொருள் மட்டுமாக இராது. ஒரு பெயர் விடுபடும்போது பொருள் எவ்வாறு சரிகிறது, அந்தச் சரிவு யார் மீது விழுகிறது என்பதும் விளங்கும்.

சொல்லைப் பழைய பொருளுக்கு மீட்பது இயலாது. மீட்க வேண்டியதும் இல்லை. இனி எவரும் மல்லிகையை நாறுகிறது என்று சொல்லப் போவதில்லை. ஆனால் அதன் முன்னே நின்ற பெயரை மீட்க எந்தத் தடையும் இல்லை. எதன் வாடை, எங்கிருந்து வருகிறது, யார் விட்டது, யார் அள்ளுகிறார் என்று சொல்லிவிட்டால் நாற்றம் மீண்டும் ஒரு செய்தியாகும். களவியலின் தோழிக்கு அது அவ்வாறே இருந்தது. நற்றிணையின் தோழியும் அதை அவ்வாறே சொன்னாள்.